போர் போடுகிறவர்களின் நுரையீரல்

பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர், திரிசூலம் எனச் சென்னை விமான நிலையத்தை ஒட்டிய ஊர்களில் ஒரு மனையில் வீடு எழும்பப் போகிறதென்றால், பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது ரிக் வண்டிதான். சுவர் எழுப்பவே தண்ணீர் வேண்டும் என்பதால் போர் முந்திக்கொள்கிறது. நீரோட்டம் பார்ப்பவர் தேங்காயோடு வந்து இடம் குறித்துவிட்டுப் போயிருப்பார். மஞ்சள், குங்குமம், கற்பூரம் எல்லாம் முடிந்ததும் இரண்டு லாரிகள் சந்துக்குள் திணறித் திரும்பி நிற்கும். ஒன்றில் மடக்கிவைத்த கோபுரமும் இயந்திரமும் இருக்கும். மற்றதில் இரும்பு ராடுகள், டீசல், ஆட்கள். கம்ப்ரசர் முழங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் தெரு முழுக்க வெளிர்சாம்பல் நிறத்தில் தூசி எழும். அக்கம்பக்கத்தார் சன்னலைச் சாத்திக்கொள்வார்கள். அதன் பிறகு எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: எத்தனை அடியில் தண்ணீர்? அந்தத் தூசியின் நடுவே நின்று ராடு மாட்டும் நான்கைந்து பேர் எத்தனை அடி தூசியைச் சுவாசித்தார்கள் என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி. நிலத்தடி நீர் மட்டத்தோடு நேரடியாகப் பிணைந்த கேள்வியும்கூட. நீர் கீழே போகப் போக இவர்கள் சுவாசிக்கும் பாறைத்தூள் கூடுகிறது. பாறையின் இயல்பு இதில் பாதிதான். அடிக் கணக்கில் விலை பேசி, நேரத்துக்கும் தூசிக்கும் கணக்கே வைக்காத தொழில்முறை மறுபாதி. இரண்டாவதை மாற்ற முடியும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

போர்வெல் தொழிலுக்கு நெருங்கிய உறவு எண்ணெய்க் கிணறு. இரண்டுக்கும் மூத்தது உப்புக் கிணறு. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் உப்புநீருக்காக, மூங்கிலில் முறுக்கிய கயிற்றில் இரும்பு உளியைத் தொங்கவிட்டு, மிதித்துத் தூக்கிப் போட்டுப் பாறையைத் துளைத்தார்கள். அங்குள்ள ஷென்ஹாய் கிணறு 1835இல் 1,000 மீட்டரைக் கடந்தது. அமெரிக்காவிலும் அதே வழிதான். 1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் எண்ணெய்க்காகப் பூமியைத் துளைக்க நினைத்தபோது, உப்புக் கிணற்றுக் கருவிகள் செய்து பழகிய வில்லியம் ஸ்மித் என்ற கொல்லரைத்தான் தேடிப் பிடித்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று துளை 69½ அடியை எட்டியிருந்தது. மறுநாள் ஸ்மித் எட்டிப் பார்த்தபோது எண்ணெய் மேலேறி நின்றது. நவீன எண்ணெய்த் தொழிலின் தொடக்கம் என்று உலகம் குறிப்பிடும் அந்த நாளுக்குப் பின்னால் ஒரு முதலாளியின் பிடிவாதமும், ஒரு கொல்லரின் கைப்பழக்கமும் இருந்தன. முதலாவதுதான் பாடப்புத்தகங்களில் நிறைய எழுதப்பட்டது.

அந்த ஆரம்பகால எண்ணெய் வயல்களின் வேலை எப்படியிருந்தது என்பதைப் பார்த்தால் நம் தெருவில் நடப்பது தெளிவாகிறது. ஒரு கிணற்றுக்கு நால்வர்: துளைப்பதை நடத்தும் டிரில்லர்கள் இருவர், உளியைத் தீட்டிக் கொடுக்கும் துணையாட்கள் இருவர். ஒரு டிரில்லரும் ஒரு துணையாளும் பன்னிரண்டு மணி நேரம் நிற்பார்கள்; நண்பகலில் ஏறியவர்கள் நள்ளிரவில் இறங்க, அடுத்த இருவர் ஏறுவார்கள். நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் உளி என்ன செய்கிறது என்பதை டிரில்லர் கயிற்றின் மேல் வைத்த கையால் அறிந்தார். பாறை மாறினால் அதிர்வு மாறும். மழுங்கிய உளியைக் கொட்டகையிலேயே உலை மூட்டிப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்துக் கூராக்கினார்கள். எண்ணெயும் வாயுவும் எப்போது பொங்கும் என்று தெரியாத இடத்தில் திறந்த நெருப்பு. டிரேக்கின் கிணறே 1859 அக்டோபரில் எரிந்துபோனது. 1861 ஏப்ரல் 17 அன்று ஹென்றி ரவுஸ் என்பவரின் கிணறு பீறிட்டுத் தீப்பற்றியதில் அவரோடு சேர்த்துப் பத்தொன்பது பேர் இறந்தார்கள். பிறகு, ஊற்றைத் திறக்க நைட்ரோகிளிசரினைக் கிணற்றுக்குள் இறக்கி வெடிக்கும் வேலை வந்தது. அதை வண்டியில் ஏற்றி மேடு பள்ளச் சாலையில் ஓட்டிச் சென்றவர்களில் பலருடைய உடல்கூட மிஞ்சவில்லை. நெருப்பு, வாயு, வெடி, உறக்கமின்மை ஆகியவைதான் அவர்களைத் தின்றன. அந்தப் பட்டியலில் பாறைத்தூசி முன்னால் நிற்கவில்லை. காரணம், அந்தத் துளைகள் ஈரமானவை. உளி விழும் இடத்தில் தண்ணீர் ஊற்றித் தூளைச் சேறாக்கி, வாளி போன்ற நீண்ட குழாயால் அள்ளி வெளியே கொட்டினார்கள். பின்னால் வந்த சுழல்முறைத் துரப்பணத்திலும் சேற்றுக் கரைசல்தான் தூளை மேலே கொண்டுவந்தது.

நம் ஊருக்கு வந்த இயந்திரம் வேறு. கருங்கல் பூமியில் தூக்கிப் போடும் உளி ஒரு நாள் முழுக்க இடித்தாலும் சில அடிதான் இறங்கும். அதற்கு விடையாக வந்தது, துளைக்குள்ளேயே இறங்கிச் சென்று அடிக்கும் காற்றழுத்தச் சுத்தியல். ராடுகளின் நடுவே உள்ள துவாரத்தின் வழியே கம்ப்ரசரின் காற்று கீழே பாய்கிறது; ராடின் அடியில் உள்ள ஹேமருக்குள் ஒரு பிஸ்டனை அது நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் முன்னும் பின்னும் தள்ளுகிறது; பிஸ்டன் நுனியிலுள்ள பிட்டை அறைகிறது; பிட்டில் பதித்த டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள் பாறையை நொறுக்குகின்றன. வேலை முடித்த காற்று, நொறுங்கிய தூளை அள்ளிக்கொண்டு ராடுக்கும் துளைச் சுவருக்கும் இடையிலுள்ள வெளி வழியே மேலே சீறுகிறது. 1960களின் பிற்பகுதியில் வறட்சி நிவாரணமாக யுனிசெஃப் இத்தகைய ரிக்குகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அந்தத் துளைகளில் பொருத்துவதற்காக உருவான இந்தியா மார்க் 2 கைப்பம்பு சென்னையின் ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் ஆலையில் தயாராகி, கோவைப் பகுதிக் கிராமங்களில் சோதிக்கப்பட்டு, உலகம் முழுக்கப் போனது. அடுத்த பத்திருபது ஆண்டுகளில் திருச்செங்கோடு இந்தத் தொழிலின் தலைநகரானது. மழை பொய்க்கும் மேட்டுநில விவசாயக் குடும்பங்கள் பங்கு சேர்த்து ரிக் வாங்கி, இந்தியா முழுவதும், ஆப்பிரிக்கா வரையிலும் ஓட்டினார்கள். ஒரு சின்ன ஊரின் துணிச்சல் லட்சக்கணக்கான வீடுகளுக்கும் வயல்களுக்கும் தண்ணீர் கொடுத்தது. இதைக் குறைத்துச் சொல்ல எந்த நியாயமும் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 250 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை, அதாவது உலகம் எடுப்பதில் கால் பங்கை, இந்தியா எடுக்க முடிவதில் இந்தச் சுத்தியலுக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தச் சுத்தியல் நம் பக்கத்தில் எந்தப் பாறையை இடிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைக் குன்றுகளின் கல் சார்னோக்கைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு எடுத்துச் செல்லப்பட்ட இந்தக் கல்லை ஆராய்ந்து, 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அவர் பெயரையே அதற்கு வைத்தார். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், பூமியின் மேலோட்டில் மிக ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் நீர் வற்றிய நிலையில் இறுகிய கல். அதன் கனிமங்களில் குவார்ட்ஸ் வரையறைப்படி ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது. ஆறரை அங்குல விட்டத்தில் ஓர் அடி துளைத்தால் வெளியேறும் பாறையின் எடை ஏறத்தாழ 17.5 கிலோ. 300 அடிக்கு 5 டன்னுக்கு மேல். அதில் குறைந்தது 1 டன் குவார்ட்ஸ். இதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் சில்லாகவும் மாவாகவும் தரையில் குவிந்துவிடும். நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை போகக்கூடியது, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் சிறிய துகள்தான். அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை 2016இல் வகுத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் படிக சிலிக்கா (குவார்ட்ஸ் இதன் ஒரு வகை). எட்டு மணி நேர உழைப்பில் ஒருவர் உள்ளே இழுக்கும் காற்று 10 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு அரை மில்லிகிராம். ஒரு பக்கம் டன் கணக்கில் நொறுங்கும் குவார்ட்ஸ், மறுபக்கம் அரை மில்லிகிராம் வரம்பு. துளையின் வாயிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பவர் இந்த வரம்பைத் தாண்டக் காற்று எத்தனை குறைவாகத் தூளைச் சுமந்தால் போதும் என்பதை இந்த எண்களே காட்டிவிடுகின்றன.

உள்ளே போன துகளை நுரையீரலின் காவல் உயிரணுக்கள் விழுங்குகின்றன; ஆனால் குவார்ட்ஸைச் செரிக்க அவற்றால் முடியாது. விழுங்கிய அணு செத்து, துகளை வெளியே விடுகிறது. அடுத்த அணு வந்து அதையே விழுங்கிச் சாகிறது. இந்த ஓயாத அழற்சியைச் சுற்றி நார்த்தழும்புகள் முடிச்சு முடிச்சாக வளர்கின்றன. மீள்தன்மை போன நுரையீரல் காற்றை வாங்க மறுக்கிறது. இதுதான் சிலிக்கோசிஸ். தூசியிலிருந்து விலகிய பிறகும் நோய் முற்றக்கூடும். தழும்பை அழிக்க மருந்தில்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பும் பல மடங்கு கூடுகிறது. இந்த நோய் தமிழருக்குப் புதிதல்ல. இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதலில் பதிவானது 1934இல், கோலார் தங்கவயலில். அங்கே பாதாளத்தில் பாறை துளைத்தவர்களில் பெரும் பகுதியினர் வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள். 1940களில் 7,653 பேரைச் சோதித்தபோது 43.7 விழுக்காட்டினருக்கு நோய் இருந்தது. சோதித்ததால்தான் அந்த எண் கிடைத்தது. ஒரே ஊரில், ஒரே நிறுவனத்தின் கீழ், தலைமுறைகளாக வேலை செய்தவர்கள் என்பதால் சோதிக்க முடிந்தது. ரிக் வண்டியில் வேலை செய்பவர்களின் நிலை இதற்கு நேர் எதிர். இன்று பெரும்பாலும் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா, பீகார் இளைஞர்கள்; வண்டி மாறுவார்கள், மாநிலம் மாறுவார்கள். நோய் முகம் காட்டப் பத்து முதல் இருபது ஆண்டுகள் ஆகலாம். அப்போது அவர்கள் சொந்த ஊரில் இருப்பார்கள். அங்குள்ள மருத்துவர் எக்ஸ்ரேயில் நிழலைப் பார்த்துக் காசநோய் மாத்திரை எழுதுவார். அவருடைய சீட்டில் பொழிச்சலூரின் பெயர் வராது.

இனி நீர்மட்டம். சார்னோக்கைட்டுக்குள் மணலில் உள்ளதுபோல் துளைகள் கிடையாது. தண்ணீர் நிற்பது இரண்டு இடங்களில்: மேலே மக்கிப்போன அடுக்கிலும், கீழே பாறையின் விரிசல்களிலும். ஆழம் கூடக்கூட மேலுள்ள பாறையின் கனம் விரிசல்களை இறுக்கி மூடுகிறது; நல்ல ஊற்றுகள் பெரும்பாலும் மேல் 100 மீட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. துளை ஈரமான விரிசலைத் தொட்டதும் மேலே வரும் தூள் சேறாகிறது. தூசி சட்டென்று அடங்குகிறது. அதுவரை வருவதெல்லாம் உலர்ந்த மாவு. ஆக, ஒரு ரிக் தொழிலாளியின் நுரையீரலுக்கு ஒரு போர் எவ்வளவு கெடுதல் என்பதைத் தீர்மானிப்பது மொத்த ஆழத்தை விடவும், தண்ணீர் படும் வரை உலர்வாகத் துளைத்த நீளம். 60 அடியில் ஊற்று கண்ட காலத்தில் உலர்ந்த பகுதி சிறியது. மேல் அடுக்கு வற்றிப்போய் 250 அடி வரை புழுதியே வந்தால், அதே வீட்டுக்கு, அதே கூலிக்கு, நான்கு மடங்குக்கு மேல் தூசி. கடைசிவரை தண்ணீரே படாத போர்தான் எல்லாவற்றிலும் மோசமானது. வீட்டுக்காரருக்குப் பண நஷ்டம். துளைத்தவருக்கு முதல் அடி முதல் கடைசி அடி வரை குவார்ட்ஸ். தென்புறநகரில் இந்த உலர்ந்த நீளம் கூடுவதற்குப் பல காரணங்கள் ஒன்று சேர்ந்துள்ளன. ஏரிகளும் வயல்களும் மனைகளாகி மழைநீர் இறங்கும் வழி குறைந்தது. பல்லாவரம், நாகல்கேணிப் பக்கத்துத் தோல் ஆலைக் கழிவுகள் மேல்மட்ட நீரைக் கெடுத்ததால் ஆழத்துக்குப் போகும் கட்டாயம் வந்தது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, இருந்த போரையே இன்னும் இறக்கச் சொல்லி ரிக்குகளை அழைத்தார்கள். நிலத்தடி நீர் குறைவதைப் பேசும்போது உழவர்களையும் வீட்டுக்காரர்களையும் பற்றிப் பேசுகிறோம். அந்தக் குறைவை முதலில் தன் மூச்சில் வாங்கிக்கொள்பவரும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும்.

இதற்கு மாற்று இல்லையா என்றால், நூறு ஆண்டுகளுக்கு மேலாகவே இருக்கிறது. அமெரிக்கச் சுரங்கங்களில் காற்றுத் துளைப்பான் புகுந்தபோது அதிலிருந்து பறந்த தூசியால் கணவர்கள் சாவதைப் பார்த்து, தொழிலாளர்கள் அந்த இயந்திரத்தை விதவையாக்கி என்றே அழைத்தார்கள். டென்வர் நகரத்தின் ஜான் ஜார்ஜ் லெய்னர் 1890களின் இறுதியில் துளைக்கும் உருக்குக் கம்பியின் நடுவே தண்ணீரைச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். தூசி பிறக்கும் இடத்திலேயே நனைந்துவிடும். அது தெரிந்த பிறகும், 1930இல் மேற்கு வர்ஜீனியாவின் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதையில், மிக அதிகமாகச் சிலிக்கா உள்ள பாறையை வேகத்துக்காக உலர்வாகவே துளைக்க வைத்தார்கள். வேலை தேடித் தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவரே அங்கு பெரும்பான்மை. சில மாதங்களிலேயே சாவு தொடங்கியது. 1936இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் 476 பேர் என்று கணக்குச் சொல்லப்பட்டது; மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் பின்னால் ஆராய்ந்து 764 என்று மதிப்பிட்டார். அங்கே இல்லாதிருந்தது அறிவியலோ கருவியோ அல்ல. உலர்வாகத் துளைத்தால் சீக்கிரம் முடியும், சாகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். இந்த இரண்டும் ஒன்றுசேரும் இடத்தில் தண்ணீர்க் குழாயைத் திறக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

நம் ரிக்குகளிலும் துளைக்குள் காற்றோடு தண்ணீரைச் செலுத்தும் பம்பு பொருத்த முடியும். பல வண்டிகளில் இருக்கவும் செய்கிறது. ஈரமண் ஒட்டி ராடு சிக்கிக்கொள்ளும்போது அதை இயக்குவார்கள். முழு நேரமும் ஏன் இயக்குவதில்லை என்பதற்குத் தொழிலில் இருப்பவர்களிடம் காரணங்கள் உண்டு. அவற்றில் உண்மையும் உண்டு. தண்ணீர் போனால் ஹேமரின் வேகம் கொஞ்சம் குறையும். உலர்ந்த தூளின் நிறத்தைப் பார்த்து டிரில்லர் பாறையைப் படிக்கிறார். கறுப்பு மாறிச் செம்மை கலந்தால் விரிசல் அருகில் இருக்கலாம், தூள் பிசுபிசுத்தால் கசிவு தொடங்கிவிட்டது. வெளியிலிருந்து தண்ணீர் விட்டால் இந்தச் சிறு அறிகுறிகள் மறையும். அமெரிக்க டிரில்லர் கயிற்றில் வைத்த கையைப் போலவே, தூளைத் தேய்த்துப் பார்க்கும் இவருடைய விரல்களும் ஓர் அறிவின் இருப்பிடம். அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் கசிவை அறிய வேறு வழிகள் இருக்கின்றன. ராடு மாற்ற நிறுத்தும்போது தண்ணீரையும் நிறுத்திக் காற்றை மட்டும் ஊதிப் பார்த்தால், உள்ளே ஊறுவது எவ்வளவு என்று தெரிந்துவிடும். உண்மையான தடை கூலிக் கணக்கில் இருக்கிறது. விலை அடிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. வண்டிக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும், டீசல் விலை ஏறிக்கொண்டே போகிறது, அடுத்த பாயிண்டுக்கு ஏஜென்ட் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். பல வண்டிகளில் டிரில்லரின் வரும்படியிலும் அடிக் கணக்கு உண்டு. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் ஒரு மணி நேரத்துக்கு விலை இருக்கிறது. உள்ளே போகும் மூச்சுக்கு விலை இல்லை.

திறந்த வெளியில்தானே வேலை, காற்று அடித்துக்கொண்டு போய்விடாதா என்று கேட்கலாம். சுரங்கத்தின் மூடிய இருட்டோடு ஒப்பிட்டால் திறந்தவெளி மேல்தான். ஆனால் 1992இல் அமெரிக்கத் தொழில்சார் நலவாழ்வு ஆய்வு நிறுவனம் பாறை துளைப்பவர்களுக்காகவே ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. அதில் விவரிக்கப்பட்ட சிலிக்கோசிஸ் நோயாளிகள் 23 பேர். அப்போதே இருவர் இறந்திருந்தார்கள். திறந்தவெளிச் சுரங்கங்களில், வானத்தின் கீழ் நின்று துளைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். துளையின் வாய்க்கும் மூக்குக்கும் இடையிலுள்ள தூரம்தான் கணக்கு. வானத்தின் விரிவு அங்கே உதவுவதில்லை. பொழிச்சலூர் போன்ற ஊரில் அந்த வானமும் குறுகியது. மூன்று பக்கமும் மாடி வீடுகள் நிற்கும் 30 அடி மனையில் எழும் தூசி அங்கேயே சுழல்கிறது. ஒரு வீட்டுக்குச் சில மணி நேரம்தானே என்பது வீட்டுக்காரரின் பார்வை. வண்டியில் இருப்பவருக்கு அது ஒன்றன்பின் ஒன்றாக வரும் வீடுகளின் வரிசை. இயந்திரம் வந்து உடலுழைப்பைக் குறைத்துவிட்டது என்பதும் பாதி உண்மையே. சம்மட்டி போனது, அதன் இடத்தில் வேகம் வந்தது. பழைய உளி ஒரு வாரத்தில் நொறுக்கியதை ஹேமர் ஓர் இரவில் மாவாக்குகிறது என்றால், ஒரு மனிதன் தன் வேலைக்காலத்தில் எதிர்கொள்ளும் தூளும் அந்த அளவுக்குப் பெருகுகிறது. காதும் தப்புவதில்லை. 85 டெசிபெல் ஒலியில் எட்டு மணி நேரம் நிற்கலாம் என்று சொல்லும் அதே அமெரிக்க ஆய்வு நிறுவனம், 100 டெசிபெல்லில் 15 நிமிடத்துக்கு மேல் கூடாது என்கிறது. கம்ப்ரசரும் ஹேமரும் முழங்கும் மேடையில் சைகையால் பேசிக்கொள்பவர்களுக்கு அந்தப் பதினைந்து நிமிடம் முதல் ராடிலேயே தீர்ந்துவிடும்.

ரிக் முதலாளிகள் பெரும் பணக்காரர்கள் அல்லவே, அவர்கள் மேல் செலவை ஏற்றினால் தொழில் நசியாதா என்ற கேள்விதான் எனக்கு மிகவும் கனமாகப் படுகிறது. பங்கு போட்டு வண்டி வாங்கி, ஒரு வறட்சியில் சம்பாதித்து, அடுத்த நல்ல மழையில் வண்டியை ஷெட்டில் நிறுத்திவிட்டு வட்டி கட்டுபவர்கள் திருச்செங்கோட்டில் உண்டு. மனசாட்சியுள்ள ஒருவர் மட்டும் தண்ணீர் விட்டுத் துளைத்து, அதற்காக அடிக்குச் சில ரூபாய் கூட்டிக் கேட்டால், அந்த வேலை அடுத்த வண்டிக்குப் போய்விடும். இதனால்தான் தனி மனித நல்லெண்ணத்தால் இது தீராது. எல்லா வண்டிக்கும் ஒரே விதி வந்தால் யாரும் யாரையும் விலையில் முந்த முடியாது. செலவு அடி விலையில் சேர்ந்து, போர் போடச் சொன்னவரிடம் போய்ச் சேரும். அமெரிக்க எண்ணெய் வயல்களிலும் இப்படித்தான் நடந்தது. 1917 நவம்பர் 1 அன்று டெக்சஸ், லூசியானா வயல்களில் சுமார் 10,000 தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலையும் நாளுக்குக் குறைந்தது 4 டாலர் கூலியும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அந்த வேலைநிறுத்தம் தோற்றது. நெடிய போராட்டங்களுக்குப் பிறகு 1938இல் வந்த உழைப்புத் தரச் சட்டம், குறிப்பிட்ட மணிக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி என்று நாடு முழுதுக்கும் விதித்தது. அதன் பிறகு நீண்ட வேலைநேரம் முதலாளிக்குச் செலவானது. எண்ணெய் கிடைப்பதும் நின்றுவிடவில்லை.

எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் துளைக்கும் இந்த இரட்டைத் தொழில்களை நம் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பது வியப்பையும் வருத்தத்தையும் தருகிறது. 1964இல் காரைக்காலில் முதல் ஆய்வுக் கிணறு இறங்கியது முதல் காவிரிப் படுகையில் எண்ணெய்க்காகத் துளைக்கிறார்கள். 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் தன் வரையறைக்குள் துரப்பணத் துளைகளையும் எண்ணெய்க் கிணறுகளையும் சேர்த்துக்கொண்டது. எனவே அந்தப் படுகையிலுள்ள நரிமணத்தில் எண்ணெய் தேடுபவருக்குத் தரைமேல் வேலை என்றால் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரேயுடன் உடற்சோதனையும் வந்தது. தண்ணீருக்காகத் துளைப்பவர் நடைமுறையில் அந்தக் குடைக்கு வெளியே நிற்கிறார். போர்வெல்லைச் சட்டம் கவனிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. திறந்து கிடந்த துளைகளில் குழந்தைகள் விழுந்து இறந்ததால், 2010இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது: முன்னறிவிப்பு, துளைப்பவரின் பதிவு, அறிவிப்புப் பலகை, முள்வேலி, மூடி. தமிழ்நாட்டில் 2015இல் ஊராட்சிகளுக்கான விதிகளும் வந்தன. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தையை மீட்க நாட்கணக்கில் பாறையோடு நடந்த போராட்டத்தைத் தமிழகமே தூங்காமல் பார்த்தது. அந்த விதிகள் ஒவ்வொன்றும் அவசியமானவை. ஆனால் துளையின் வாயைச் சுற்றி இத்தனை காவல் போட்டபோது, அந்த வாயருகே வேலை நேரம் முழுதும் நிற்பவரின் மூச்சு அதில் சேரவில்லை. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் சிலிக்கோசிஸைத் தொழில்நோயாக ஏற்றிருந்ததே என்றால், நோயாளி தான் எங்கே, யாரிடம், எத்தனை ஆண்டு தூசியில் நின்றார் என்று காட்ட வேண்டியிருந்தது. வருகைப் பதிவேடு இல்லாத வண்டியில் வேலை செய்தவர் எதைக் காட்டுவார்?

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. 2021இல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது பம்மலும் அனகாபுத்தூரும் அதில் சேர, பொழிச்சலூர் ஊராட்சியாகவே நின்றது. மாநகராட்சியானாலும் ஊராட்சியானாலும், போருக்கு அனுமதி தரும் இடத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம்: நீர் செலுத்தும் பம்பு இயங்கும் வண்டிக்கே அனுமதி. ரிக் பதிவைப் புதுப்பிக்கும்போது, அந்த ஆண்டு அதில் வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் ஒருமுறை எடுத்த எக்ஸ்ரேயையும் கேட்கலாம். பத்தாண்டு கழித்து ராஞ்சியில் ஒரு மருத்துவர் தேடும்போது அந்தப் பட்டியல் சான்றாக இருக்கும். ராஜஸ்தான் 2019இல் சிலிக்கோசிஸுக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, நோய் உறுதியானவருக்கு 3 லட்சம் ரூபாயும், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும் தருகிறது. கல் உடைப்பவர்களுக்கு அந்த மாநிலம் செய்ததை, உலகுக்கே போர் போட்டுக் கொடுத்த நம் மாநிலம் தன் வண்டிகளில் ஏறியவர்களுக்குச் செய்யலாம். தண்ணீருக்கு எங்கே போவது என்பதுதான் கடைசியில் மிஞ்சும் ஆட்சேபம். தண்ணீர் இல்லாமல்தானே போரே போடுகிறோம் என்பார்கள். திறந்தவெளிச் சுரங்கத் துளைக் கருவிகளில் அளந்தபோது, நிமிடத்துக்குச் சில லிட்டர் தண்ணீர் விட்டாலே தூசியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அடங்கியிருக்கிறது. நிமிடத்துக்கு 5 லிட்டர் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், எட்டு மணி நேரம் துளைக்க 2,400 லிட்டர். புறநகர்த் தெருக்களில் ஓடும் 6,000 லிட்டர் டேங்கரில் பாதிகூட ஆகாது. வீடு கட்டத் தொடங்குபவர் எப்படியும் டேங்கருக்குச் சொல்லியிருப்பார். அதை ரிக் வருவதற்கு முன்பே வரச் சொல்லி, தண்ணீர் விட்டுத் துளைப்பதாக ஏஜென்டிடம் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.